கணவாய்ப் பாதையும் ஒரு பழைய வண்டியும்

ஜப்பான் தேசத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு மலையாகவே இருப்பதால், அந்நாட்டின் சரித்திரத்தில் கணவாய்களுக்குப் பெரியதொரு ஸ்தானம் உண்டு. தோக்குகாவா வம்சத்து ஷோகுன்கள் எதோ நகரத்திலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, ஆட்சி செலுத்திய காலத்தில், கியோட்டோவுக்குச் செல்லும் பெருவழிகளான தோக்கைதோவும் நகாசெந்தோவும் முறையே ஹகோனே மலையையும் உசுயி கணவாயையும் கடந்தே சென்றன. அவ்விரண்டு இடங்களிலும் சாவடிகள் அமைத்து, தலைநகருக்குள் துப்பாக்கிகள் நுழைகின்றனவா என்றும், அங்கே பிணைபோல் வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் மனைவிமார் மாறுவேடத்தில் வெளியேறுகிறார்களா என்றும் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். பல்லக்குகளும் பொதிகுதிரைகளும் ஏறி இறங்கிய அத்தகைய மலைகளில்தான், 1980களிலும் 1990களிலும், நடுநிசிக்குப் பிறகு, சொற்ப விலைக்குக் கைமாறிய சிறு மோட்டார் வண்டிகளை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை இளைஞர்கள் வண்டியோட்டும் வித்தையைப் பயின்றார்கள். அவ்வழக்கத்தின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், அதற்குக் கருவியாக அமைந்த ஒரு வண்டியின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1983ஆம் வருஷம் மே மாதத்தில் டொயோட்டா கம்பெனியார் தங்கள் கொரோலா வரிசையைப் புதுப்பித்தபோது, உலகத்துச் சிறு வண்டிகள் யாவும் சென்றுகொண்டிருந்த திசையிலேயே தாங்களும் சென்று, நான்கு கதவுக் குடும்ப வண்டிகளை முன்சக்கரங்களால் இழுக்கப்படும்படி மாற்றியமைத்தார்கள். என்ஜினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களையே சுழலச் செய்தால், பின்னோக்கிச் செல்லும் நீண்ட தண்டு தேவையில்லை. உள்ளே இடம் அதிகம், எடை குறைவு. ஆனால், இரண்டு கதவு கொண்ட விளையாட்டு ரக கூபே வண்டிகளுக்கு மாத்திரம் முந்தைய தலைமுறைக் கொரோலாவின் அடித்தளத்தையே சிக்கனம் கருதி வைத்துக்கொண்டார்கள். ஆகவே, நிலையான முன்விளக்குகள் கொண்ட கொரோலா லெவின், மடிந்து எழும் முன்விளக்குகள் கொண்ட ஸ்பிரின்டர் ட்ருவேனோ என்ற அவ்விரட்டை வண்டிகள், பழைய பாணியில் பின்சக்கரங்களால் உந்தப்படுபவையாகவே எஞ்சின. அவற்றுக்குள் உயர்ந்த வகைக்கு ஏ.ஈ. 86 என்பது தொழிற்சாலையில் இட்ட குறியெண். ஜப்பானிய இளைஞர்கள் அதை எண்ணால் மட்டும் ஹச்சிரோகு என்று அழைத்தார்கள்.

அடித்தளம் பழையதானாலும் என்ஜின் புதியது. 1,587 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், தலைமேல் இரண்டு கேம் தண்டுகளும், நான்கு சிலிண்டர்களில் பதினாறு வால்வுகளும் கொண்ட 4 ஏ-ஜி.ஈ. என்ற அந்த யந்திரம், அக்காலத்து ஜப்பானியக் கணக்கின்படி 130 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. பின்புறத்தில் இருந்தது, லாரிகளில் காண்பது போன்ற ஒரே துண்டான முழு அச்சு. இரு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் நவீன ஏற்பாடு அதில் இல்லை. பார்க்கப்போனால், புதிய என்ஜினையும் பழைய எலும்புகளையும் சேர்த்து மலிவாகக் கட்டிய வண்டிதான் அது.

அந்த மலிவிலேதான் அதன் குணவிசேஷம் அடங்கியிருந்தது. மலைச்சரிவில் இறங்கும் வண்டி கொண்டை ஊசி வளைவை அணுகும்போது, ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்புறம் சாய்கிறது. பின்சக்கரங்களின் பிடிப்புத் தளர்கிறது. அந்தக் கணத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டியின் பின்பகுதி வெளிப்பக்கமாக வழுக்கத் தொடங்குகிறது. அப்போது முன்சக்கரங்களை எதிர்ப்புறம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அளந்து மிதித்து, அந்த வழுக்கலையே வளைவைக் கடக்கும் சாதனமாக்கிக்கொள்வது ஒரு சாதுரியம். பெருஞ்சக்தி வாய்ந்த வண்டிகளில் இவையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். குறைந்த சக்தியும் குறைந்த எடையும் கொண்ட இவ்வண்டியிலோ, தவறு மெல்லவே வளர்ந்து, திருத்திக்கொள்ள அவகாசமும் தந்தது. நீச்சல் கற்பவனுக்கு ஆழமில்லாத குளம் வாய்த்ததுபோல் அது வாய்த்தது.

இந்த வழுக்கு வித்தை முதலில் பந்தயத் தடத்தில் பிறந்தது. 1961ஆம் வருஷம் மேற்கு ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் 250 சி.சி. ஹோண்டா மோட்டார் சைக்கிளை ஓட்டி, உலக கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில் வென்ற முதல் ஜப்பானியர் என்ற கீர்த்தியைப் பெற்ற குனிமிட்சு தகஹாஷி, பின்னர் நான்கு சக்கர வண்டிகளுக்கு வந்து, 1970களில் வளைவுகளை வழுக்கியபடியே கடந்து காண்போரைப் பிரமிக்கவைத்தார். நகானோ மாகாணத்தில் 1956இல் பிறந்த கெய்இச்சி ட்சுச்சியா என்பவர் அதைக் கண்டு ஈர்க்கப்பட்டு, தம் ஊர்ப்புறத்து மலைப்பாதைகளில் பயின்று, 1984இல் ஒரு ட்ருவேனோவுடன் ஃபுஜி தடத்தின் புதுமுகங்களுக்கான பந்தயத்தில் இறங்கிப் பிரசித்தி பெற்றார். மலைப்பாதையில் தாம் ஓட்டுவதை ஒளிநாடாவாக 1987இல் வெளியிடப்போய், பந்தய உரிமமே சிறிது காலம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் 1995இல், குருவென அவர் மதித்த தகஹாஷியும் அவரும் ஒரே ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். வண்டியை அகிரா ஈடாவுடன் முறைவைத்து ஓட்டி, பிரான்ஸ் தேசத்து லெ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் தங்கள் பிரிவின் முதலிடத்தை அடைந்தார்கள்.

ஜப்பானுக்கு வெளியிலும் இவ்வண்டி சாமர்த்தியசாலிகளுக்குக் கைகொடுத்தது. பிரிட்டனின் சலூன் கார் போட்டியில், என்ஜின் அளவை வைத்து வண்டிகளைப் பிரிவுகளாக வகுத்து, அவரவர் பிரிவில் பெறும் இடத்துக்கே புள்ளிகள் வழங்கும் முறை இருந்தது. அதனால் பெரிய ரோவர்களும் ஃபோர்டுகளும் முன்னே பறந்துசென்றபோதும், மிகச் சிறிய பிரிவில் ஓடிய கொரோலா ஜி.டி.யை ஓட்டிய கிறிஸ் ஹாட்ஜெட்ஸ், 1986, 1987 ஆகிய இரு வருஷங்களிலும் ஒட்டுமொத்தச் சாம்பியன் பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

1987இல் லெவினும் ட்ருவேனோவும் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியதுடன் ஏ.ஈ. 86இன் உற்பத்தி முடிந்தது. தேசத்தில் பணம் வெள்ளமெனப் புரண்ட காலம் அது. 1988இல் நிஸான் சில்வியாவும், 1989இல் ஸ்கைலைன் ஜி.டி.-ஆரும் மாஸ்டாவின் திறந்த ரோட்ஸ்டரும் புதிதாக வந்து நிற்க, சிறிது வசதியுள்ளவர்கள் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பிடித்தார்கள். இதற்கு அரசாங்கத்தின் சோதனை முறையும் துணைபுரிந்தது. புதிய வண்டிக்கு மூன்று வருஷத்திலும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் நடக்கும் அந்தக் கட்டாயச் சோதனை, பத்து வருஷம் கடந்த வண்டிக்கு 1995 வரையில் வருஷந்தோறும் நடந்தது. சோதனைக்கு முன் செய்யவேண்டிய பழுதுபார்ப்பும், வரியும், இன்ஷூரன்ஸும் சேர்ந்து பெருந்தொகையாகவே, அதற்கு அஞ்சியவர்கள் நன்றாக ஓடும் வண்டியைக்கூட வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். இவ்விதமாக, பதினெட்டு வயதில் லைசென்ஸ் வாங்கி, பெட்ரோல் நிலையத்தில் பகுதிநேர வேலை பார்க்கும் பையனுக்கும் ஒரு ஹச்சிரோகு எட்டுவதாயிற்று. அதே என்ஜின் குடும்பம் எம்.ஆர். 2 முதலான வேறு டொயோட்டா வண்டிகளிலும் இருந்தமையால், உடைப்புக் கடைகளில் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை.

சொந்தமாக ஒரு வண்டி வைத்திருப்பதன் ஆனந்தம் அவர்களுக்கு ஓட்டுவதில் பாதி, கையில் கிரீஸ் படிவதில் பாதி. நல்ல டயர்களை முன்னே மாட்டி, கடைக்காரர் கழித்துப்போட்ட டயர்களைப் பின்னே மாட்டுவார்கள். ஸ்பிரிங்குகளையும் ஷாக் அப்சார்பர்களையும் தாங்களே மாற்றுவார்கள். பின்பு நள்ளிரவில் கணவாயின் உச்சியிலுள்ள வாகன நிறுத்தத்தில் கூடி, தானியங்கிப் பெட்டியில் வாங்கிய டப்பாக் காப்பியை அருந்திக்கொண்டு ஒருவர் வண்டியை ஒருவர் ஆராய்வார்கள். ஏற்றத்தில் குதிரைத்திறன் வென்றாலும் இறக்கத்தில் கைத்திறனே வெல்லும் என்பது அவர்களுக்கு நம்பிக்கை மட்டுமன்று, கௌரவமும்கூட. புதிய விரைவுச் சாலைகள் வந்து பழைய பாதைகளைப் போக்குவரத்தில்லாமல் செய்துவிட்டதும் அவர்களுக்கு அனுகூலமாயிற்று. ஜோஷின்எத்சு விரைவுச் சாலை 1993இல் உசுயிப் பகுதியில் திறக்கப்பட்டதும், அங்கிருந்த பழைய மலைப்பாதை இரவில் மேலும் வெறிச்சோடியது.

இதன் மறுபக்கத்தை மறைப்பது நியாயமாகாது. அது பொதுச்சாலை, சட்ட விரோதமான விளையாட்டு. எதிரே வரும் நிரபராதியின் உயிரையும், மலையடிவாரத்துக் குடியானவனின் நித்திரையையும் அது பணயமாக வைத்தது. விபத்துகள் நேர்ந்தன. அதிகாரிகள் வளைவுகளில் மேடு மேடாகத் தடைகளைப் பதித்தார்கள். சில பாதைகளை இரவில் மூடினார்கள். வித்தையும் கடைசியில் தான் பிறந்த பந்தயத் தடத்துக்கே திரும்பியது. ஃபுகுஷிமா மாகாணத்து எபிசு முதலிய சிறு தடங்களில் கட்டணம் செலுத்திப் பயிலும் ஏற்பாடு பரவ, 2001இல் டி 1 கிராண்ட் பிரீ என்ற பெயரில் வழுக்கோட்டத்துக்கென்றே தொடர் போட்டியும் ஆரம்பமாயிற்று.

வழக்கம் இவ்வாறு உருமாறிக்கொண்டிருந்த காலத்தில்தான், ஷூயிச்சி ஷிகெனோ என்ற சித்திரக் கதைக்காரர், தாமும் ஏ.ஈ. 86 வைத்திருந்தவர், 1995இல் ‘இனிஷியல் டி’ என்னும் தொடரைத் தொடங்கினார். தகப்பனாரின் கடையிலிருந்து விடியுமுன் டோஃபு கொண்டுசெல்லும் ஒரு பையன், கறுப்பும் வெள்ளையுமான ட்ருவேனோவில், தன் வண்டியைக் காட்டிலும் வலிய வண்டிகளை மலையிறக்கத்தில் தோற்கடிக்கும் கதை அது. குன்மா மாகாணத்து ஹருனா மலையை மாதிரியாகக் கொண்டு எழுந்த அத்தொடர் 2013 வரையில் வெளிவந்து, 48 தொகுதிகளாக விரிந்தது; 1998இல் அசைபடமாகவும், 2005இல் ஹாங்காங்கில் திரைப்படமாகவும் வந்து உலகெங்கும் பரவிற்று. கதை பரவப் பரவ வண்டியின் விலையும் ஏறிற்று. துருப்பிடித்த ஹச்சிரோகுவுக்கும் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டார்கள். பகுதிநேர வேலை பார்க்கும் பையனுக்கு அது எட்டாக்கனியாயிற்று.

டொயோட்டா கம்பெனியாரும் அந்த அபிமானத்தை உணராமலில்லை. சுபாருவுடன் கூடி 2012இல் பின்சக்கர இயக்கம் கொண்ட சிறு கூபே ஒன்றை வெளியிட்டு, அதற்கு 86 என்றே பெயரிட்டார்கள். 2021இல் பழைய வண்டிக்கான சில உதிரிபாகங்களை மீண்டும் உற்பத்தி செய்ய முன்வந்தார்கள். 2023 ஜனவரியில் டோக்கியோ கண்காட்சியில், ஹைட்ரஜனால் ஓடும் ஒரு ஏ.ஈ. 86ஐயும் மின்சாரத்தால் ஓடும் மற்றொன்றையும் நிறுத்திவைத்தார்கள். இவையெல்லாம் அவ்வண்டிக்கு உரிய மரியாதைகளே. எனினும் அது பெருவாரியான ஓட்டுநர்களை உருவாக்கியது, யாரும் மதியாமல் விற்றுத்தள்ளிய காலத்திலேதான் என்று சொல்லத் தோன்றுகிறது. இடித்தால் பெரு நஷ்டமில்லை என்ற தைரியத்தில் பழகியவன் கற்றுக்கொண்டான். பொக்கிஷமாக்கி உறையிட்டு வைத்தவனுக்கு அந்த வித்தை கைவரவில்லை. ஆகையால், வண்டியோட்டுவதில் மெய்யான ருசி உள்ளவர்கள் புகழேறிய பழைய வண்டியைத் துரத்தவேண்டியதில்லை. இன்று பிறர் அலட்சியமாக விற்கும் எளிய, எடை குறைந்த வண்டி ஒன்றைத் தேர்ந்து, பிரேக்கையும் டயரையும் முதலில் செம்மைப்படுத்தி, பொதுச்சாலையை விட்டுவிட்டு, அதற்கென்று அமைந்த தடத்தில் ஓட்டிப் பழகுவார்களாக.