ஸலாஹுத்தீனின் வாளும் ஸரந்தீபின் உருக்கும்

ஸுல்தான் ஸலாஹுத்தீன் (ரஹ்) அவர்கள், ரிச்சர்ட் மன்னன் கண்ணெதிரே பட்டுத் துணியைத் தம் வாளால் வகிர்ந்து காட்டினார் என்று நம் மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அது வரலாறன்று, 1825-இல் வால்டர் ஸ்காட் எழுதிய ஆங்கில நாவலின் காட்சி. அவ்விருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. இல்லாத பெருமை நமக்கு எதற்கு? உண்மையே போதிய அளவு வியப்புக்குரியது.

கலீஃபா முஃதஸிம் காலத்தில் (கி.பி. 833–842) பேரறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றியே தனி நூலொன்று இயற்றினார். எந்த வாள் எந்நாட்டு இரும்பாலானது, எங்கே அடிக்கப்பட்டது எனப் பிரித்துக் கூறும் அவர், ஸரந்தீப் எனும் இலங்கையின் உருக்கை அதன் பெயராலேயே குறிக்கிறார். பிறர் பொருளைத் தமதென்று சொல்லாத அந்த நேர்மையை நாம் கவனிக்க வேண்டும். 'டமாஸ்கஸ் எஃகு' என உலகம் புகழ்ந்த உருக்கு, பெரும்பாலும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்ததே.

சேலம், திருச்சி வட்டாரங்களில் அது செய்யப்பட்ட முறை 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் உள்ளது. உமி கலந்த களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தி ஊதிக் கரியுலையில் காய்ச்சினர். மரத்தின் கரி இரும்பில் ஏறிற்று. ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அவ்வளவு கரி ஏறிய உருக்கு கடினமானது, எளிதில் நொறுங்குவதும்கூட.

இங்கேதான் வாள் அடித்த கொல்லரின் திறம். வெண்சூட்டில் அடித்தால் அது உதிர்ந்துவிடும்; ஐரோப்பியக் கொல்லர் பலர் அவ்வாறே இழந்தனர். செஞ்சூட்டோடு நிறுத்தி, பொறுமையாகத் திரும்பத் திரும்ப அடித்தால் உள்ளிருக்கும் கடுந்துகள்கள் சிதறி உருக்கு இறுகும். அத்துகள்களின் வரிசையே வாளின் மேல் நீரலை போல் தெரியும். நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதை ஸபா அத்தியாயத்தில் ஓதும் நாம், மற்றவர்க்கு அது எத்தனை உழைப்பால் வசப்பட்டது என்பதையும் எண்ணலாம்.

1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷெர்பி, வாட்ஸ்வொர்த் ஆகியோர் கரி மிகுந்த எஃகைக் குறைந்த சூட்டில் உருட்டி, மிக நுண்ணிய மணிகளுடைய எஃகைப் பெற்றனர். சூடேற்றியதும் அது பாகுபோல் நீண்டது. அதன் சேர்மானம் பழைய டமாஸ்கஸ் வாள்களை ஒத்திருந்ததைப் பின்னரே அறிந்தனர்.

அதற்குள் நம் உலைகள் அணைந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. விலை மலிந்த ஆங்கில இரும்பு வந்து குவிந்தபோது, மூசைக்காரர் வேறு தொழில் தேடிப் போயினர்.