தெளிந்த நீரும் நல்ல நீரும்

பழனியிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில், சண்முகநதியைக் கடந்து சற்றுத் தொலைவில் இருக்கிறது நெய்க்காரப்பட்டி. தெற்கே பழனிமலை. அங்கிருந்து இறங்கும் பாலாறு, பொருந்தலாறு முதலியன சேர்ந்து சண்முகநதியாகி, அமராவதி வழியே காவிரியை அடைகின்றன. இச்சமவெளி மக்கள் நீரை நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று பிரித்தே பேசிவந்துள்ளனர். நாக்கு ஒரு சோதனை, அடுப்பு மற்றொன்று. பருப்பு வேகாத தண்ணீரில் சுண்ணச் சத்து மிகுதி. ஆனால் இவ்விரு சோதனைகளிலும் தேறிய நீர்கூட, தொட்டியில் விட்ட மீனைச் சில நாட்களில் கொன்றுவிடக்கூடும். இதன் காரணம் விளங்க, ஐரோப்பிய அறிவியலுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், 1849இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரு பொன்மீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் வைத்தார். தாவரம் வெளியிடும் பிராணவாயு மீனுக்குப் போதும் என்பது அவர் கணக்கு. இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலைத் தின்ன நத்தைகளை விட்டபின் நீர் தெளிந்தது. 1850இல் இதை அவர் வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார். 1853இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரப்பியது.

எனினும் வாரிங்டனின் விளக்கத்தில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. மீனின் கழிவு அம்மோனியா. அதற்கு நிறமில்லை, கலங்கலும் இல்லை. 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரை மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாட்கள் எந்த மாற்றமும் இல்லை. பிறகு அம்மோனியா நைட்ரேட்டாக மாறத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆகவே இது உயிர்களின் வேலை என்று முடிவு செய்தனர். அந்த நுண்ணுயிர்களை 1890 அளவில் வினோகிராட்ஸ்கி பிரித்தெடுத்தார். புதுத் தொட்டியில் மீன் விடுவதற்குச் சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும் என்ற இன்றைய விதியின் வேர் அந்த இருபது நாட்களில்தான் உள்ளது.

நீரின் காரத்தன்மையும் இங்கே முக்கியமானது. 25 பாகை வெப்பத்தில், காரஅமிலக் குறியீடு 7 ஆக இருந்தால், கரைந்துள்ள அம்மோனியாவில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். குறியீடு 9 ஆனால் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். மென்மையான மலை நீரில் மீன் தாங்கும் கழிவை, காரம் மிகுந்த கிணற்று நீரில் தாங்காது.

இதற்குத் தக்க உதாரணமான ஒரு மீன் நமது மலைத்தொடரிலேயே உண்டு. திருவிதாங்கூர் மலைப்பகுதியில் கிடைத்த செங்கோடிட்ட மீன் ஒன்றை 1865இல் விவரித்த மருத்துவர் பிரான்சிஸ் டே, அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். உலகச் சந்தையில் அது ‘மிஸ் கேரளா’. பாறைகளுக்கிடையே ஓடும் குளிர்ந்த நீருக்குப் பழகிய உயிர். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைக் கொள்ளும். 30 பாகையில் 7.5 அளவே. சமவெளியின் கோடையில், மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும் வேளையில், நீரில் அது குறைந்துவிடுகிறது. மிகையாகப் பிடிக்கப்பட்டதாலும் ஆறுகள் கெட்டதாலும் இம்மீன் இன்று அழிவின் ஆபத்திலுள்ள இனங்களில் ஒன்று.

குழாய் நீரின் கதை வேறு. நமது குடிநீர்த் தரம், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கக் கோருகிறது. மனிதரைக் காலராவிலிருந்து காக்கும் அந்த அளவே மீனின் செவுள்களை அரித்துவிடும். எனவேதான் மீன் வளர்ப்போர் நீரை ஒருநாள் திறந்து வைக்கின்றனர், அல்லது தயோசல்பேட் சேர்க்கின்றனர். மறுபுறம், நைட்ரேட்டுக்கு மனிதருக்கான வரம்பு 45 மில்லிகிராம். அதற்கு மேலும் பல மீன்கள் பிழைத்திருக்கும், கைக்குழந்தைக்கோ அந்நீர் ஆகாது. கிணற்றில் மீன் துள்ளுவதும் முழுச் சான்று அல்ல.

சரி, மீன் தொட்டிக்காரரின் இக்கவலை மற்றவர்க்கு எதற்கு என்று கேட்கலாம். தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்து 28 ஆகஸ்டு 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் வழக்கின் தீர்ப்பு, நமது மாவட்டத்தையும் பேசுகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில், 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற ஆய்வு அதில் பதிவாகியுள்ளது. நல்ல தண்ணீருக்காகப் பெண்களும் குழந்தைகளும் மைல்கணக்கில் நடந்ததும் பதிவாகியுள்ளது. நாவில் உப்புக் கரித்த கிணறுகளை அவர்களால் விலக்க முடிந்தது. கரிக்காத நஞ்சை எந்த நாக்கும் சொல்லாது. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்பாமல் அளந்து பார்ப்பது என்ற பழக்கத்தை, ஓர் அடி நீளக் கண்ணாடித் தொட்டி நூற்றெழுபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது. மீனுக்காக நாம் செய்யும் அச்சோதனையை ஊர்க் கிணறுகளுக்கும் செய்தாக வேண்டும்.