வேலூர்ப் புரட்சியும் மூலச் சான்றுகளும்



ஒரு நிகழ்ச்சியைக் கண்டவரோ, அதில் ஈடுபட்டவரோ விட்டுச் சென்ற கடிதம், நாட்குறிப்பு, ஆணை, வாக்குமூலம் முதலியவற்றை மூலச் சான்றுகள் என வரலாற்றாசிரியர் கூறுவர். கண்ணாற் கண்டவர் கூற்று என்பதனாலேயே அது முழு உண்மையாகிவிடுமா என்பதே இன்று நான் ஆராய விரும்பும் வினா.

அமெரிக்க வரலாற்றில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1770 மார்ச்சு 5ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படைவீரர் மக்கள் கூட்டத்தின்மீது சுட்டனர், ஐவர் மாண்டனர். நகரத்தார் பலரிடம் வாக்குமூலம் பெற்று, படைவீரரே குற்றவாளிகள் என்று நூல் வெளியிட்டனர். படையினரை ஆதரித்தவர்களோ வேறு வாக்குமூலங்களைத் திரட்டி, கூட்டமே கலகத்தைத் தூண்டியது என்று இலண்டனில் அச்சிட்டனர். இரண்டும் சத்தியம் செய்து அளித்த சொற்களே. அந்நாட்டு மாணவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கின்றனர்.

அத்தகைய பயிற்சிக்கு நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. வேலூர்க் கோட்டை இருக்கிறது. 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து, ஆங்கிலேயரின் 69ஆம் படைப்பிரிவைத் தாக்கினர். கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். திப்பு சுல்தானின் மக்கள் காவலில் வைக்கப்பட்டிருந்த அக்கோட்டையில் மைசூர்க் கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, அன்றே கிளர்ச்சியை ஒடுக்கினார்.

இதன் காரணம் யாது? சான்றுகளைக் கேட்போம். 1805 நவம்பரில் சிப்பாய்களுக்குப் புதுவகைத் தலைப்பாகை விதிக்கப்பட்டது. அதில் தோலாலான அணி ஒன்று இருந்தது. 1806 மார்ச்சில் வந்த ஆணை, சீருடையில் இருக்கும்போது நெற்றிக்குறி கூடாது, தாடியை மழித்துக்கொள்ள வேண்டும் என்றது. மே மாதத்தில் வேலூரில் சிலர் தலைப்பாகையை ஏற்க மறுத்தனர். இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. இவை அரசின் ஆணைகளே கூறும் செய்திகள்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதி மாணவர்கள் இங்கே ஒன்றைக் கேட்கலாம். தோல் பதனிடும் தொழிலால் வாழும் ஊர்களில் பிறந்த நாம், ஒரு துண்டுத் தோலுக்காகவா இத்தனை உயிர்கள் போயின என்று வியக்கலாம். சிப்பாய்கள் முன்னரே தோல் வாரும் தோலாலான தோட்டாப் பையும் அணிந்தவர்களே. ஆகவே, பசுவின் தோலோ பன்றியின் தோலோ தலைமேல் ஏறுகிறது என்ற அருவருப்போடு, அந்தத் தலைப்பாகை வெள்ளையரின் தொப்பியை ஒத்திருந்ததையும் சேர்த்து எண்ண வேண்டும். அதனை அணிந்தால் தொப்பிக்காரர் என்று சுற்றத்தார் இகழ்வர், சமயம் போய்விடும் என்னும் அச்சமே அவர்கள் உள்ளத்தை வாட்டியது என்று நான் கருதுகிறேன்.

எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்ற மூன்று கேள்விகளை ஒவ்வோர் ஏட்டிடமும் கேட்க வேண்டும். சென்னை ஆளுநராக இருந்த பெண்டிங்கும், படைத்தலைவர் கிரடாக்கும் இந்நிகழ்ச்சியின் பின் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டனர். பின்னர்ப் பெண்டிங் கும்பினி இயக்குநர்களுக்கு எழுதிய நீண்ட விண்ணப்பம் பல செய்திகளைத் தருகிறது; ஆயினும் அது தம்மைக் காத்துக்கொள்ள எழுதியது என்பதை மறத்தல் ஆகாது. கொல்லப்பட்ட பான்கோர்ட்டின் மனைவி, தம் இரு குழந்தைகளுடன் ஒளிந்து உயிர் தப்பியதை எழுதிவைத்தார். அந்த இரவின் திகிலை அறிய அதனினும் நெருங்கிய சான்று அரிது. ஆனால் ஒளிந்திருந்தவர் கோட்டை முழுவதையும் காண இயலாது. கில்லெஸ்பியுடன் வந்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் 1829இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில், பிடிபட்ட சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரைச் சுவரருகே நிறுத்திச் சுட்டுக் கொன்றதைக் கூறுகிறார். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியதாயினும், தம் படைக்குப் பெருமை சேர்க்காத செய்தியை அவரே ஒப்புக்கொள்வதால் அதற்கு வலிமை மிகுதி.

இனிச் சிப்பாய்களின் குரல் எங்கே? மாண்ட ஆங்கில அதிகாரிகள் பதினால்வர் என்று கணக்கு உண்டு. மாண்ட சிப்பாய்களின் தொகையோ 350 என்பாரும் 800 என்பாருமாக வேறுபடுகிறது. உயிர் பிழைத்தோர் பேசியதெல்லாம் விசாரணை மன்றத்தில், கேட்டவரோ தண்டிக்கும் அதிகாரம் உடையவர், எழுதப்பட்டதோ ஆங்கிலத்தில். அச்சத்தில் நின்றவன் எதைச் சொல்லியிருப்பான், எதை மறைத்திருப்பான் என்று எண்ணியே அவ்வேடுகளைப் படிக்க வேண்டும்.

இந்தக் குறை எத்துணைப் பெரிது என்பதை ஆம்பூர் உணர்த்துகிறது. 1749இல் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் மாண்டார். அக்காலத்தில் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமக்கு எட்டிய செய்திகளையெல்லாம் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்தார். அதனால் அக்காலத்துப் பூசல்களை நம் மொழியிலேயே, நம்மவர் கண் கொண்டு காண முடிகிறது. வேலூர்ச் சிப்பாய்களுள் அத்தகைய நாட்குறிப்பை நமக்கு விட்டுச் சென்றவர் ஒருவரையும் நான் அறியேன்.

சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்து ஏடுகள் பல உள்ளன. வாய்ப்பு வரும்போது சென்று காணுங்கள். அதற்கு முன்னர், உங்கள் வீட்டுப் பரணில் பழைய தோல் மண்டிப் பேரேடோ, பாட்டனார் எழுதிய கடிதமோ கிடந்தால், அதனைப் பழைய தாளென்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுதிய நாளையும் எழுதியவர் பெயரையும் குறித்துப் பாதுகாத்து வையுங்கள். உங்கள் ஊரின் வரலாற்றை எழுத வருகிறவர் தேடப்போவது அதைத்தான்.