ஒஹியேசா பயின்ற பள்ளி

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் சிலரிடம், அவர்கள் நாள்தோறும் நடந்துவரும் பாதையில் நிழல் தரும் மரங்கள் எவையெவை என்று கேட்டேன். ஒருவர், "பெரிய மரங்கள், ஐயா" என்றார். மற்றவர் நகைத்தனர், நானும் நகைத்தேன். அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, அவற்றுள் மூன்றின் பெயர் எனக்கும் தெரியாது என்பது புலனாயிற்று. அந்த நாணத்தோடுதான் ஒரு சிறுவனின் கல்வி வரலாற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

அவன் 1858-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பகுதியில் டகோட்டா மக்களிடையே பிறந்தான். நம் பழைய பாடநூல்கள் அம்மக்களைச் செவ்விந்தியர் என்றே குறித்தன. டகோட்டா என்னும் சொல்லுக்கோ அவர்கள் மொழியில் நட்பினர் என்பது பொருள். ஈன்ற சிறிது காலத்தில் தாய் இறந்தமையால், இரங்கத்தக்க கடைக்குட்டி என்று பொருள்படும் ஹகாதா என்னும் பெயரே அவனுக்கு முதலில் வாய்த்தது. பின்னர் ஒரு பந்தாட்டத்தில் அவன் கூட்டத்தார் வெற்றி பெற்றபோது, வென்றவன் என்னும் பொருளில் ஒஹியேசா என்று பெயரிட்டனர். அவனை வளர்த்தவள் தந்தையின் தாய்.

உடன்படிக்கைப்படி அரசு தரவேண்டிய பணமும் உணவும் உரிய காலத்தில் வாராமல் டகோட்டா மக்கள் பசியால் வாடினர். 1862-ஆம் ஆண்டில் போர் மூண்டது. தோற்றவருள் 300-க்கும் மேற்பட்டோருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் லிங்கன் பெரும்பாலோரின் தண்டனையைக் குறைத்தார்; எனினும் அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மங்கேட்டோ நகரில் 38 பேர் ஒருசேரத் தூக்கிலிடப்பட்டனர். ஒஹியேசாவின் தந்தையும் மாண்டார் என்றே குடும்பத்தார் நம்பினர். பாட்டியும் சிற்றப்பனும் நான்கு வயதுக் குழந்தையைக் காத்துக்கொண்டு வடக்கே எல்லை கடந்து, இன்று கனடா நாட்டைச் சேர்ந்த மனிட்டோபாவுக்கு ஓடினர்.

அங்கேதான் அவன் கல்வி நடந்தது. அதற்குச் சுவரும் இல்லை, மணியும் இல்லை; ஆனால் பாடத்திட்டம் இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. டகோட்டா மக்களின் மாதப் பெயர்களே ஒரு பாடத்திட்டம். பனியின் ஒளியால் கண் நோகும் திங்கள், வாத்து முட்டையிடும் திங்கள், செம்புற்றுப்பழம் சிவக்கும் திங்கள், காட்டுநெல்லை உலர்த்தி வைக்கும் திங்கள், மான் கொம்புதிர்க்கும் திங்கள் என்று அவர்கள் ஆண்டை எண்ணினர். திங்களின் பெயரைக் கற்கும் குழந்தை, அத்திங்களில் எங்கே போக வேண்டும், எதைத் தேட வேண்டும் என்பதையும் உடன் கற்றது. இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறி மாறி வரும் வேனில் தொடக்கத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஊறும். அதைத் தொட்டிகளில் ஏந்திக் காய்ச்சிச் சர்க்கரை ஆக்குவர். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி வார்க்கும் நம் பனங்காட்டுக் குடிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் அடுப்பைச் சுற்றி விறகு சுமப்பதும் பாகை நக்குவதும் சிறுவர் வேலையே.

இக்கல்வியில் என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி சிற்றப்பன் நடத்திய தேர்வு. காலையில் சிறுவன் வெளியே புறப்படும்போது, காண்பதனைத்தையும் கூர்ந்து நோக்கி வா என்பார். மாலையில் கேள்விகள் தொடங்கும். மரப்பட்டை எப்பக்கத்தில் வெளிறியிருக்கிறது? இன்று கண்ட புதுப்பறவை எது? பெயர் தெரியாத பறவைக்கு அதன் நிறத்தையோ அலகையோ குரலையோ கொண்டு சிறுவனே ஒரு பெயர் சூட்ட வேண்டும். அதன் பின்னரே உண்மைப் பெயரைச் சிற்றப்பன் கூறுவார். ஒருநாள், அந்த ஏரியில் மீன் உண்டு என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று வினவினார். நண்பகலில் ஈயைப் பிடிக்க மீன் துள்ளுகிறது என்றான் சிறுவன். சிற்றப்பன் முறுவலித்து மேலும் கேட்டார்: ஆழமில்லாத இடத்தில் கூழாங்கற்கள் கூட்டங்கூட்டமாகக் கிடப்பது ஏன்? மணலில் வளைவளைவான கோடுகளை இட்டது யார்? மீன் தின்னும் பறவைகள் எங்கே திரிகின்றன? அக்கேள்விகளுக்கு உடனே விடை வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் அந்த ஏரிக்குச் செல்லும் சிறுவன் வேறு கண்களோடு செல்வான் அல்லவா? ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்த எனக்கு, இப்படிப்பட்ட வினாத்தாள் ஒன்றை அமைக்க முடிந்ததில்லை.

ஆயினும் எல்லாம் இனிமை என்று கூறினால் பொய்யாகும். நள்ளிரவில் அறியாத காட்டின் வழியே நீர் கொண்டுவர அச்சிறுவனை அனுப்புவார்கள். அவன் நடுங்கியவாறு கொண்டுவந்த நீரைச் சிற்றப்பன் பாராட்டிவிட்டுக் கீழே கொட்டி, மீண்டும் போகச் சொல்வார். தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்க வேண்டும் என்பதும் அப்பாடத்தின் ஒரு பகுதியே. அந்தப் பழிக்காகவே அவன் வளர்க்கப்பட்டான் என்றாலும் மிகையாகாது.

அவனுக்கு 15 வயதானபோது, இறந்ததாகக் கருதிய தந்தை உயிரோடு வந்து நின்றார்! சிறையில் கிறித்தவ சமயத்தைத் தழுவி, விடுதலைக்குப் பின் உழவராகி, மகனைத் தேடி அவர் வந்திருந்தார். பழிவாங்கப் பயின்ற மகனைப் பள்ளிக்கு அனுப்பினார் தந்தை. முதற்போருக்கு அனுப்பும் எண்ணத்தோடே உன்னை அனுப்புகிறேன் என்று கூறினாராம். பாட்டிக்கு அதில் உடன்பாடில்லை. நீள்முடியைக் களைந்து, சார்ல்ஸ் ஈஸ்ட்மன் என்ற பெயரோடு பயின்ற அவ்விளைஞர், 1890-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு டிசம்பரில், பைன் ரிட்ஜ் என்னுமிடத்தில் அரசு மருத்துவராக இருந்தபோது, அண்மையிலுள்ள ஊண்டட் நீ ஓடைக்கரையில் படையினர் 250-க்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்றனர். பனிப்புயல் ஓய்ந்தபின், பனியில் புதைந்தவர்களுள் உயிரோடிருப்பவரைத் தேடிச் சென்றோருள் அவரும் ஒருவர். தடம் பார்க்கக் கற்ற கண்கள் அன்று எதற்குப் பயன்பட்டன என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது.

1879-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில், பழைய படைவீட்டில் ஒரு விடுதிப்பள்ளி தொடங்கியது. பழங்குடிக் குழந்தைகளின் முடி வெட்டப்பட்டது; பெயர் மாற்றப்பட்டது; தாய்மொழி தடுக்கப்பட்டது. இத்தகைய பள்ளிகள் நாடெங்கும் பரவின. பாட்டியும் சிற்றப்பனும் நடத்திய பள்ளி இவ்வாறுதான் மூடப்பட்டது. 2024 அக்டோபரில் குடியரசுத் தலைவர் பைடன் இதற்காக மன்னிப்புக் கேட்டார். ஈஸ்ட்மனும் சிலகாலம் கார்லைல் பள்ளிக்காகப் பணியாற்றியவரே. தம் மக்கள் பிழைக்கப் புதிய கல்வி வேண்டும் என்ற தந்தையின் கருத்தை அவர் கைவிடவில்லை.

விந்தை என்னவெனில், அதே காலத்தில் வெள்ளையர் தம் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கல்வியைத் தேடத் தொடங்கினர். 1902-இல் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் என்ற எழுத்தாளர் கனெக்டிகட் மாநிலத்தில் சிறுவரைக் கூட்டி, பழங்குடியினரைப் போல் கூடாரமிட்டுத் தீமூட்டிக் காட்டைப் பயிலச் செய்தார். அதே 1902-இல் ஈஸ்ட்மன் தம் இளமை வரலாற்றை நூலாக வெளியிட்டார். 1910-இல் அமெரிக்கச் சாரணர் இயக்கம் தோன்றியபோது சீட்டன் அதன் தலைமைச் சாரணர் ஆனார். ஈஸ்ட்மனும் அதற்குத் துணைநின்றார். 1914-இல் சாரணச் சிறுவர் சிறுமியர்க்கென்றே ஒரு கைந்நூல் எழுதினார். கார்லைலில் டகோட்டாச் சிறுவன் மறக்கும்படி பணிக்கப்பட்டதை, நகரத்துச் சிறுவன் கோடை விடுமுறையில் விரும்பிக் கற்றான்!

1915 முதல் ஈஸ்ட்மனும் மனைவியும் நியூ ஹாம்ப்ஷயரில் கிரானைட் ஏரிக்கரையில் கோடை முகாம் நடத்தினர். சில ஆண்டுகளில் அது நின்றது. 1928-இல் ஹியூரான் ஏரியின் வடகரையில், கனடா மண்ணில், அவர் சிறிது நிலம் வாங்கிக் குடில் ஒன்று அமைத்துக்கொண்டார். குளிர்காலத்தை டெட்ராய்ட் நகரில் மகனோடு கழித்து, பனி உருகியதும் அக்குடிலுக்குத் திரும்புவது அவர் வழக்கம். 1939 ஜனவரியில், பனி உருகுமுன், தம் 80-ஆம் வயதில் அவர் டெட்ராய்ட்டில் காலமானார்.