பூட்டு திறந்த அலமாரி

ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கத்துக் கல்லூரிகளில் இன்று பெரும்பாலும் வாசலில் பையை வைத்துவிட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேரே அலமாரிகளுக்கு நடுவே போய் நிற்கலாம். புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் மேசையில் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். இந்த உரிமையை நம் பல்கலைக்கழகங்களுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், நூலக வேலையே வேண்டாம் என்று சொன்ன ஒரு கணக்கு வாத்தியார்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். மாநிலக் கல்லூரி வகுப்பறையில் பழகியவருக்கு, ஆளரவமில்லாத அந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டார். லண்டனில் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அங்கே யுனிவர்சிட்டி காலேஜில் படித்த பாடத்தைவிட, ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்ததுதான் அவரை மாற்றியது என்பது என் எண்ணம். பொதுமக்கள் தாங்களே அலமாரியில் கைவைத்துப் புத்தகம் எடுப்பதை அவர் கண்ணால் கண்டார். 1925இல் திரும்பியவர், சென்னையில் அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். நூலக நேரத்தை நீட்டித்தார். தேடி வருபவருக்கு உடனிருந்து உதவ ஆள் வைத்தார்.

பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது. பத்துப் பேர் கைபட்ட புத்தகம் தன் இடத்துக்குத் திரும்பாவிட்டால், அது தொலைந்த புத்தகம்தான். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் இடம் வேண்டும். லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தபோது அவருக்கு வழி பிடிபட்டது. அதே துண்டுகள்தான், திருகாணியால் மாற்றி மாற்றி முடுக்கினால் வேறு வேறு பொம்மைகள். அதுபோலவே நூல் பேசும் பொருளையும் கூறு கூறாகப் பிரித்து, கோலன் எனப்படும் முக்காற்புள்ளியால் இணைத்து எண் கொடுத்தார். 1933இல் அது கோலன் பகுப்புமுறையாக அச்சேறியது.

அதற்கு முன்பே, 1931இல், நூலகத்துக்கான ஐந்து விதிகள் நூலாக வந்துவிட்டன. புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதி. அதைச் சுருக்கிச் சொல்லும் வாசகத்தைக் கொடுத்தவர், கிறித்துவக் கல்லூரியில் அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எட்வர்ட் ராஸ். வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்கிறது நான்காவது. கைக்கெட்டாத உயரத்தில் புத்தகத்தை அடுக்காதே என்பது வரை ரங்கநாதன் யோசித்திருக்கிறார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அலமாரியைப் பூட்டிவைத்து, சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் புத்தகம் தரும் முறை, தலைப்பும் ஆசிரியர் பெயரும் தெரிந்தவருக்குத்தான் சரிப்படும். தறிக்காரர் வீட்டிலிருந்தோ லாரிப் பட்டறையிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை என்ன தலைப்பை எழுதும்? முதுகட்டையைப் பார்த்து, உருவி எடுத்து, நாலு பக்கம் படித்தால்தான் தனக்கு வேண்டியது இன்னதென்றே அதற்குப் புலப்படும். விலை உயர்ந்த நூல்களை இன்னமும் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் சாவியைத் தயங்காமல் கேட்க வேண்டும்.