பதின்மூன்று சீட்டின் மதிப்பு: கான்ட்ராக்ட் பிரிட்ஜில் கை மதிப்பீட்டின் வரலாறு

முன்னுரை

52 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டிலிருந்து ஒருவர் கைக்கு 13 சீட்டுகள் வரக்கூடிய விதங்கள் 63,501 கோடிக்கும் அதிகம். அந்தக் கையைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்ல பிரிட்ஜ் ஆட்டம் அனுமதிப்பதோ மொத்தம் 38 அழைப்புகள்தான்: ஒரு கிளப் முதல் ஏழு நோ டிரம்ப் வரை 35 ஏலங்கள், அவற்றோடு பாஸ், டபுள், ரீடபுள். இவ்வளவு குறுகிய சொற்களஞ்சியத்தில் ஒரு கையின் வலிமையைச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அந்த வலிமையை அளந்தாக வேண்டும். எத்தனை டிரிக் (ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகள்) எடுக்க முடியும் என்பதை ஆட்டம் தொடங்குமுன்பே கணிக்கும் இந்த வேலைக்குத்தான் கை மதிப்பீடு என்று பெயர்.

கை மதிப்பீட்டின் நூறாண்டு வரலாற்றைப் பெரும்பாலோர் புள்ளிக் கணக்குகளின் வரிசையாகவே பார்க்கிறார்கள். இக்கட்டுரை அதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஒரு கைக்கு நிலையான மதிப்பு உண்டு என்ற நம்பிக்கையில் தொடங்கிய இத்துறை, இருவர் கையிலும் உள்ள 26 சீட்டுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்பதிலிருந்தே மதிப்பு பிறக்கிறது என்ற புரிதலுக்குப் படிப்படியாக வந்து சேர்ந்தது. ஒவ்வொரு புதிய கணக்கும் இந்தப் பயணத்தில் ஒரு கட்டம்.

1925: மதிப்பெண் முறை தந்த நெருக்கடி

கான்ட்ராக்டுக்கு முன்பு ஆடப்பட்ட ஆக்‌ஷன் பிரிட்ஜில், ஏலத்தில் சொன்னதற்கு மேல் எடுத்த டிரிக்குகளும் கேம் என்ற இலக்குக்குக் கணக்கில் சேர்ந்தன. ஆகவே ஏலத்தைக் குறைந்த அளவில் எடுத்துவிட்டு, ஆட்டத்தில் அதிகம் சேர்த்துக்கொள்ளலாம். கையைத் துல்லியமாக அளக்க வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லை.

பிரான்ஸில் ஆடப்பட்ட பிளாஃபோன் என்ற ஆட்டம் இதை மாற்றியிருந்தது. சொன்ன டிரிக்குகள் மட்டுமே கேமுக்குச் சேரும் என்பது அதன் விதி. அமெரிக்கச் செல்வந்தர் ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் பனாமா கால்வாய் வழியான ஒரு கப்பல் பயணத்தின்போது அந்த விதியை எடுத்துக்கொண்டு, 12 அல்லது 13 டிரிக் எடுக்கும் ஸ்லாமுக்குப் பெரிய ஊக்கப் புள்ளிகளையும், ஒரு கேம் வென்ற அணிக்குக் கூடுதல் தண்டனை தரும் வல்னரபிள் நிலையையும் சேர்த்து ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். கான்ட்ராக்ட் பிரிட்ஜ் அப்படித்தான் உருவானது.

கை மதிப்பீடு தனித் துறையாக வளர்ந்ததற்குக் காரணம் இந்த மாற்றமே. 4 ஸ்பேட் எடுக்கக்கூடிய கையில் 2 ஸ்பேடோடு நின்றால் கேம் ஊக்கத்தொகை கிடைக்காது. 2 மட்டுமே எடுக்கக்கூடிய கையில் 4 சொன்னால் தண்டனை. குறைத்துச் சொன்னாலும் இழப்பு, கூட்டிச் சொன்னாலும் இழப்பு என்று ஆனபின் அளவுகோல் இல்லாமல் ஆடுவது இயலாத காரியம் ஆயிற்று.

ஹானர் டிரிக்: கல்பர்ட்சனின் காலம்

அந்த அளவுகோலை முதலில் பெருவாரியான மக்களிடம் கொண்டு சென்றவர் எலி கல்பர்ட்சன். ருமேனியாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த இவர், 1929இல் ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ இதழைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய ‘புளூ புக்’ நாடெங்கும் பரவியது. அவர் எண்ணியது தனிச் சீட்டுகளை அல்ல, அவை சேர்ந்து தரக்கூடிய டிரிக்குகளை. ஓர் இனத்தில் ஏஸும் ராஜாவும் சேர்ந்திருந்தால் 2 ஹானர் டிரிக். ஏஸும் ராணியும் இருந்தால் ஒன்றரை. தனி ஏஸுக்கும், சேர்ந்திருக்கும் ராஜா–ராணிக்கும் 1. காவலுள்ள ராஜாவுக்கு அரை. ஏலத்தைத் தொடங்க இரண்டரை தேவை.

ஒரே இனத்தில் சேர்ந்திருக்கும் பெரிய சீட்டுகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்பதை இந்த அட்டவணை உணர்ந்திருந்தது. சீட்டுக்குத் தனி விலை இல்லை, சேர்க்கைக்கே விலை என்ற எண்ணம் இங்கேயே முளைவிட்டுவிட்டது. 1931 டிசம்பரில் சிட்னி லென்ஸின் அணியோடு நியூயார்க்கில் தொடங்கி 1932 ஜனவரியில் முடிந்த 150 ரப்பர் போட்டியில் கல்பர்ட்சன் 8,980 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றார். பத்திரிகைகள் அப்போட்டியை நாள்தோறும் பின்தொடர்ந்தன; அவருடைய முறை வீடுகளுக்குள் நுழைந்தது.

ஆனால் பின்னங்களும் அட்டவணைகளும் புதியவர்களை மிரட்டின. ஒற்றை ராணி, ஜாக் போன்ற சிறு மதிப்புகளுக்கு அதில் தெளிவான இடமும் இல்லை.

புள்ளிக் கணக்கின் எழுச்சி

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்ற கணக்கு கான்ட்ராக்ட் பிரிட்ஜைவிடப் பழையது. பிரையன்ட் மக்கேம்பெல் 1915இல் வெளியிட்ட ‘ஆக்‌ஷன் டாக்டிக்ஸ்’ நூலில் இது இடம்பெற்றது. பிலடெல்பியா வழக்கறிஞர் மில்டன் வொர்க் இதைப் பரப்பியதால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. ஆனால் அக்காலத்தில் இது முதன்மையாக நோ டிரம்ப், அதாவது துருப்பு இனம் இல்லாத ஆட்டத்துக்கான கணக்கு. துருப்பு உள்ள ஆட்டத்தில் சிறு சீட்டுகளும் துருப்பால் வெட்டி டிரிக் எடுக்கும். பெரிய சீட்டுகளை மட்டும் எண்ணினால் கணக்கு உதைக்கும்.

வேறு அளவுகோல்களும் அப்போது போட்டியில் இருந்தன. அமெரிக்காவின் ‘ஃபோர் ஏசஸ்’ அணி 1930களில் 3–2–1–½ என எண்ணியது. பால் ஸ்டெர்னின் வியன்னா முறை 7–5–3–1 கணக்கைப் பயன்படுத்தியது. அம்முறையில் ஆடிய ஆஸ்திரிய அணிதான் 1937இல் புடாபெஸ்டில் கல்பர்ட்சன் அணியை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றது. இந்த இரண்டு கணக்குகளிலும் ஏஸின் பங்கு 4–3–2–1 தருவதைவிட அதிகம் என்பது கவனிக்கத்தக்கது.

முடிவில் வென்றது 4–3–2–1தான். அதை வெல்ல வைத்தவர் வொர்க்கிடம் பணியாற்றிய சார்லஸ் கோரன். டொரொன்டோவைச் சேர்ந்த காப்பீட்டுக் கணிதர் வில்லியம் ஆண்டர்சன் உதவியோடு அவர் சீட்டுப் பரவலையும் புள்ளியாக்கினார்: ஓர் இனத்தில் ஒரு சீட்டும் இல்லையென்றால் 3, ஒரே சீட்டு என்றால் 2, இரண்டு என்றால் 1. ஃபிரெட் கார்பின் நீண்ட இனத்தின் கூடுதல் சீட்டுகளுக்குப் புள்ளி தரும் வழியை முன்வைத்தார். கோரனின் ‘பாயிண்ட் கவுன்ட்’ நூல் 1949இல் வெளியானது. இருவர் கையும் சேர்ந்து 26 புள்ளி என்றால் கேம், 33 என்றால் சிறு ஸ்லாம், 37 என்றால் பெரிய ஸ்லாம். மனத்தில் நிற்கும் மூன்றே எண்கள். 1958இல் டைம் இதழ் அவரை அட்டைப்படத்தில் போடும் அளவுக்குப் புகழ் வளர்ந்தது.

கோரனின் சாதனையை வெறும் எளிமை என்று சுருக்கிவிடக்கூடாது. பெரிய சீட்டின் வலிமையையும் இனப் பரவலின் வலிமையையும் ஒரே அலகில் கூட்ட முடியும் என்று அவர் காட்டினார். இன்று உலகெங்கும் ஆடுபவர்கள் தம் கையை விவரிக்கும் பொது மொழி அதுவே.

இழக்கும் டிரிக்குகளை எண்ணுதல்

கோரனுக்கு முன்பே, 1930களின் நடுவில், டட்லி கோர்ட்னி எதிர்த்திசையிலிருந்து அணுகினார். எடுக்கும் டிரிக்கை எண்ணாமல் இழக்கும் டிரிக்கை எண்ணினார். ஒவ்வோர் இனத்திலும் முதல் மூன்று சீட்டுகளை மட்டும் பார்த்து, ஏஸ், ராஜா, ராணி ஆகியவற்றில் இல்லாதது ஒவ்வொன்றும் ஓர் இழப்பு. இனத்தில் ஒரே சீட்டு இருந்தால் இழப்பு ஒன்றைத் தாண்டாது. இரண்டு இருந்தால் இரண்டைத் தாண்டாது. சாதாரணத் தொடக்கக் கையில் 7 இழப்புகள். துருப்பு இனம் பொருந்திவிட்டால் இருவர் இழப்புகளையும் கூட்டி 24இலிருந்து கழித்தால் எதிர்பார்க்கத்தக்க டிரிக் எண்ணிக்கை கிடைக்கும். 1980களில் ரான் கிளிங்கர் இம்முறைக்குப் புதுவாழ்வு தந்தார்.

இக்கணக்கின் நிபந்தனையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். துருப்பு பொருந்தியபின்தான் இது செல்லும். ஏலத்தின் நடுவில் கிடைக்கும் செய்தி மதிப்பையே மாற்றுகிறது என்பதை ஒரு சூத்திரம் ஏற்றுக்கொண்டது இங்கேதான்.

ஒரே புள்ளி, வேறு விளைவு

இனி ஒரு சோதனை. தொடக்கக்காரரின் கை: ஸ்பேடில் ஏஸ், ராணி, 7, 5, 2; ஹார்ட்டில் 6 மட்டும்; டைமண்டில் ராஜா, ராணி, 8, 4; கிளப்பில் ராஜா, 5, 3. மொத்தம் 14 புள்ளி, 5 இழப்பு. கூட்டாளியின் கையை இரண்டு விதமாக வைத்துப் பார்ப்போம்.

முதல் விதம்: ஸ்பேடில் ராஜா, 9, 8, 4, ஹார்ட்டில் ராஜா, ராணி, 7, 2, டைமண்டில் ஜாக், 3, கிளப்பில் ஜாக், 8, 2.

இரண்டாம் விதம்: ஸ்பேடில் அதே ராஜா, 9, 8, 4, ஹார்ட்டில் 9, 7, 4, 2, டைமண்டில் ஏஸ், 3, கிளப்பில் ராணி, ஜாக், 2.

இரண்டிலும் 10 புள்ளி. இரண்டிலும் பரவல் ஒன்றே. இரண்டிலும் 8 இழப்பு. கோரன் கணக்கில் வேறுபாடு இல்லை. கோர்ட்னி கணக்கு இரண்டுக்கும் 24இல் 13 போக 11 டிரிக் என்கிறது. ஆடிப் பார்த்தால் நிலைமை வேறு. இரண்டாம் விதத்தில் ஒரு ஹார்ட்டும் கிளப் ஏஸும் மட்டுமே போகும். 11 டிரிக் இயல்பாக வரும். முதல் விதத்தில் மூன்று ஏஸ்கள் எதிரணியிடம் இருப்பதால் 10க்கு மேல் வழியில்லை. எதிரணி உடனே கிளப் ஆடி, அங்கே ராணிக்கும் ஒரு டிரிக் கிடைத்துவிட்டால் 9தான். ஹார்ட்டில் உள்ள 5 புள்ளிகள், கூட்டாளியின் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே பெரும்பாலும் வீணாகின்றன. எந்தக் கையையும் தனியாக எண்ணி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்தக் குறையைத் தீர்த்தவை புதிய புள்ளிக் கணக்குகள் அல்ல. புதிய ஏல மரபுகள். 1963இல் டோரதி ஹேடனும் டேவிட் கிளிஃபும் முன்வைத்த ஸ்பிளின்டர் ஏலம், துருப்பை ஏற்றுக்கொண்டு ஓர் இனத்தில் தன்னிடம் ஒரே சீட்டுதான் உண்டு அல்லது ஒன்றுமே இல்லை என்பதை ஒரே தாவலில் சொல்லிவிடும். கேட்டவர் அந்த இனத்தில் தன் ராஜா–ராணிகளின் மதிப்பைக் குறைத்துக்கொண்டு, ஏஸ் இருந்தால் கூட்டிக்கொள்வார். 1957 முதல் 1969 வரை பத்து முறை பெர்முடா பவுல் உலகப் பட்டம் வென்ற இத்தாலியின் புளூ டீமும் இதே திசையில் சென்றது. அவர்களின் புளூ கிளப் முறையில் கூட்டாளி ஏஸுக்கு 2, ராஜாவுக்கு 1 என்று கட்டுப்பாடுகளை எண்ணிப் பதில் சொல்வார்; ஸ்லாமுக்கு அதுவே அதிகம் பயன்படும் செய்தி.

எதிரணியும் கணக்கில் சேர்ந்தது

பிரெஞ்சு ஆட்டக்காரர் ஷான்-ரெனே வெர்ன் 1969இல் ‘தி பிரிட்ஜ் வேர்ல்ட்’ இதழில் எழுதிய கட்டுரை, மதிப்பீட்டை நான்கு கைகளுக்கும் விரித்தது. இரு அணிகளும் தத்தம் சிறந்த துருப்பில் எடுக்கும் டிரிக்குகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமம் என்பது அவர் கண்ட விதி. நமக்கு 9 ஸ்பேட், அவர்களுக்கு 9 ஹார்ட் என்றால் மொத்த டிரிக் 18 அளவில் இருக்கும். லாரி கோஹன் 1992இல் எழுதிய நூல் இதைப் போட்டி ஏலத்தின் அடிப்படைப் பாடமாக்கியது. 2004இல் மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்க்ரெனும் இதை மறுத்து நூல் எழுதினர். குறைந்த சீட்டுள்ள இனங்களும், உண்மையில் வேலை செய்யும் புள்ளிகளுமே டிரிக்கைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

கணினி தந்த சான்று

1982இல் எட்கர் கப்ளான் வெளியிட்ட விரிவான கணக்கு, சீட்டுச் சேர்க்கை, இன நீளம், துணைச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தது. மேசையில் மனக்கணக்காகப் போட முடியாத அளவுக்கு நுட்பமானது. பின்னர், நான்கு கைகளையும் திறந்து வைத்துச் சிறந்த ஆட்டத்தைக் கண்டறியும் நிரல்கள் வந்தன. மாத்யூ கின்ஸ்பெர்கின் ஜிப் நிரலைக் கொண்டு உருவான கை நூலகத்தில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பகிர்வுகள் உள்ளன.

இத்தகைய ஆய்வுகள் உணர்த்துவது இது: நோ டிரம்புக்கு 4–3–2–1 நன்றாகவே பொருந்துகிறது, துருப்பு ஆட்டத்தில் ஏஸின் மதிப்பு நான்கரையை நெருங்குகிறது, ராணியும் ஜாக்கும் தமக்குத் தரப்பட்ட புள்ளிக்குக் கீழே இறங்குகின்றன. ஏஸுக்கு அதிக எடை தந்த வியன்னா, ஃபோர் ஏசஸ் கணக்குகளின் உள்ளுணர்வு இதனால் வலுப்பெறுகிறது. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஸார் பெட்கோவ் முன்வைத்த புள்ளிமுறையும் ஏஸ், ராஜாக்களுக்கும் இன நீளத்துக்கும் கூடுதல் இடம் தந்தது.

முடிவுரை

ஹானர் டிரிக் சேர்க்கையைக் கண்டது. கோரன் பரவலை எண்ணாக்கினார். இழப்புக் கணக்கு துருப்புப் பொருத்தத்தை நிபந்தனையாக்கியது. ஸ்பிளின்டர் வீணாகும் புள்ளிகளை அடையாளம் காட்டியது. வெர்ன் எதிரணியையும் சேர்த்தார். ஒன்று வந்து மற்றொன்றை அழித்ததாக இவ்வரலாறு செல்லவில்லை. ஒரு கணக்கு பார்க்காமல் விட்டதை மற்றொன்று பார்த்தது.

பயிற்சிக்கு இதிலிருந்து தெளிவான பாடம் உண்டு. சீட்டு கைக்கு வந்ததும் எண்ணும் புள்ளி முதல் மதிப்பீடு மட்டுமே. கூட்டாளி ஓர் இனம் சொன்னதும், நம் இனத்தை ஏற்றதும், எதிரணி குறுக்கே புகுந்ததும் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். கற்பிப்பவர்கள் 26, 33, 37 ஆகிய எண்களைச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், மேலே கண்டது போன்ற இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். புள்ளி எண்ணத் தெரிந்தவர் ஏலத்தில் பங்கேற்பார். எண்ணிய புள்ளியை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்தவரே சரியான ஒப்பந்தத்தில் போய் நிற்பார்.