டிரைவர் இல்லாத டாக்ஸி... கண்காணிக்கும் மனிதரால் விபத்தைத் தடுக்க முடியுமா?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ, பீனிக்ஸ் நகரங்களில் வேமோ டாக்ஸிகள் டிரைவரே இல்லாமல் ஓடுகின்றன. 2025 ஜூனில் டெஸ்லா ஆஸ்டின் நகரில் ரோபோடாக்ஸியைத் தொடங்கியபோது, முன் சீட்டில் ஊழியர் ஒருவரை உட்கார வைத்தது. 'அதான் பார்த்துக்க ஆள் இருக்கே, அப்புறம் என்ன பயம்?' என்று தோன்றலாம். ஆனால், இதுவரை நடந்த விபத்துகள் சொல்வது வேறு.

யார் இந்தக் கண்காணிப்பாளர்கள்?

இதில் 2 வகை உண்டு. ஒருவர் காருக்குள்ளேயே இருப்பார்; ஆபத்து என்றால் காரை நிறுத்த வேண்டியது அவர் வேலை. இன்னொருவர் தொலைவில் திரை முன் இருப்பார். வழியில் ஏதாவது குழப்பம் என்றால் கார் அவரிடம் கேட்கும், அவர் வழி சொல்வார். ஆனா, வண்டியை ஓட்டுவது கார்தான், அவர் இல்லை.

உள்ளே ஆள் இருந்தும் நடந்த விபத்து

2018 மார்ச் 18 இரவு, அரிசோனா மாகாணம் டெம்பேவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது ஊபரின் சோதனை கார் மோதியது. அவர் உயிரிழந்தார். டிரைவர் சீட்டில் ஆபரேட்டர் இருந்தார். ஆனால் அவரது செல்போனில் டிவி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

மோதலுக்கு 5.6 நொடிகள் முன்பே கார் அந்தப் பெண்ணைக் கண்டறிந்துவிட்டது. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றிக் கணித்தது. கிராசிங் இல்லாத இடத்தில் ஆள் நடந்து வரலாம் என்பதே மென்பொருளில் இல்லை. வால்வோ காரில் ஏற்கெனவே இருந்த தானியங்கி அவசர பிரேக்கும் செயல்படாமல் வைக்கப்பட்டிருந்தது. முன்பு காருக்கு 2 ஆபரேட்டர்கள் இருந்ததை ஊபர் 1 ஆகக் குறைத்திருந்தது.

கவனம் ஏன் சிதறுகிறது?

மணிக்கணக்கில் எந்தத் தப்பும் செய்யாத இயந்திரத்தை வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தால், 'அதுவே பார்த்துக்கும்' என்ற மெத்தனம் வந்துவிடும். டெம்பே விபத்தை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இதைச் சுட்டிக்காட்டியது. ஆபரேட்டர்களை ஊபர் சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் கூறியது.

தொலைவில் இருப்பவரால் முடியுமா?

2023 அக்டோபர் 2-ல் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் மோதியதில் ஒரு பெண் குரூஸ் டாக்ஸியின் முன் வந்து விழுந்தார். அவர் மீது மோதி நின்ற டாக்ஸி, பிறகு ஓரம் கட்டுவதற்காக நகர்ந்து அவரைச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. சில நொடிகளில் முடிந்துவிடும் இதுபோன்ற சம்பவத்தில், தொலைவில் இருப்பவர் நிலைமையைப் புரிந்துகொள்வதற்கே நேரம் இருக்காது. அதே மாதம் கலிஃபோர்னியா அரசு குரூஸின் டிரைவர் இல்லா அனுமதியை நிறுத்திவைத்தது.

2025 டிசம்பர் 20-ல் அதே நகரில் கரண்ட் போய் சிக்னல்கள் அணைந்தன. பல வேமோ கார்கள் ஒரே நேரத்தில் உதவி கேட்டதால் பதில் தாமதமாகி, நடுரோட்டிலேயே நின்றன.

பழி யாருக்கு?

டெம்பே வழக்கில் ஊபர் மீது குற்றவியல் நடவடிக்கைக்கு அடிப்படை இல்லை என்று 2019-ல் அரசுத் தரப்பு கூறிவிட்டது. நீதிமன்றத்தில் நின்றது ஆபரேட்டர் மட்டுமே. 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது.

ஆக, ஆள் இருக்கிறாரா என்று கேட்டால் மட்டும் போதாது. ஒருவர் எத்தனை கார்களைப் பார்க்கிறார், எத்தனை நொடியில் பதில் தருவார், பதில் வரும்வரை கார் என்ன செய்யும் என்பதையும் கேட்க வேண்டும்.